நான்காம் பக்கம், மூன்றாவது வரி

இயற்கணிதத்தில் வளையம் என்று ஒரு சமாசாரம் உண்டு. இருபத்திரண்டு வருடமாக அதைப் பற்றியே எழுதி வந்ததால் கல்லூரியில் கணிதம் நடத்தும் அவருக்கு ‘வளையம் சார்’ என்றே பெயர். பதினேழு ஆய்வுக்கட்டுரைகள். இரண்டு வருடம் முன்பு பார்த்தபோது அவற்றுக்குக் கிடைத்திருந்த மேற்கோள்கள் பதினான்கு. அதில் ஒன்பது, அவர் தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொண்டது. இரண்டு, அவருடைய மாணவி மரியாதைக்காகப் போட்டது.

பேராசிரியர் ஆவதற்கு நூறு வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை அவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ரோஷத்தில் எண்ணிக்கையைப் பார்ப்பதையே விட்டிருந்தார். இன்று மாலை ஐந்து மணியோடு கடைசி வாய்ப்பும் முடிகிறது. அப்புறம் ஓய்வு பெறும்வரை இணைப் பேராசிரியர்தான்.

காலையில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கணினியைத் திறந்தார். நூற்றுப் பன்னிரண்டு. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். திரையைத் துடைத்துப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டேதான்.

மருந்துக்கடையில் வேலையாக இருந்த மனைவியைப் போனில் பிடித்தார்.

“நூத்திப் பன்னெண்டு!”

“யாருக்குங்க? சாப்பிடறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“சர்க்கரை இல்லடி, சைட்டேஷன்!”

போனை வைத்துவிட்டு, ஐம்பத்து மூன்று வயது என்பதை மறந்து நூலகத்துக்கு ஓடினார். நூலகர் அம்மாள் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தார்.

“எதுக்கு சார் திடீர்னு இத்தனை பேர்? ஒண்ணைத் திறந்துதான் பாருங்களேன்.”

திறந்தார். அவருடைய கட்டுரை ஒன்றைச் சொல்லி, ‘நான்காம் பக்கத்துத் துணைத்தேற்றம் பொய்’ என்றது முதல் கட்டுரை. ‘பலரும் அறிந்த அந்தப் பிழை’ என்றது அடுத்தது. மூன்றாவதை எழுதியவர் நல்ல மனிதர். ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று சேர்த்திருந்தார். புதிதாக வந்த தொண்ணூற்றெட்டும் அதே பாட்டுதான்.

நான்காம் பக்கம், மூன்றாவது வரி. இரண்டு எண்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றே என்பது கடைத்தெருக் கணக்கு. அவருடைய வளையங்களில் அப்படி இல்லை. முன்பின் மாறினால் விடையும் மாறும். காலுறைக்கு மேல் ஷூ போடுவதும் ஷூவுக்கு மேல் காலுறை போடுவதும் ஒன்றா என்று வருடா வருடம் முதல் வகுப்பில் மாணவர்களைக் கேட்பவர் அவர். அந்த மூன்றாவது வரியில் அவரே ஷூவுக்கு மேல் காலுறை போட்டிருந்தார்.

“சார், இங்க பாருங்க,” என்றார் நூலகர். “உங்க தேற்றம் எந்த வளையத்துல எல்லாம் விழுந்துடுதோ, அதுக்கெல்லாம் உங்க பேரையே வச்சிருக்காங்க. அதுக்குன்னு மாநாடு வேற!”

அழ ஆரம்பித்திருந்தவர் பாதியில் சிரித்துவிட்டார்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: ‘உங்கள் ஆய்வைப் பிறர் எவ்விதம் பயன்படுத்தியுள்ளனர்?’

“பரவலான கவனத்தைப் பெற்றதுன்னு எழுதுங்க சார். அதுவும் பொய் இல்லையே.”

எழுதினார். பார்த்தார். பரீட்சையில் இப்படி மழுப்புகிறவர்களுக்கு அவர் போடுவது முட்டை. அடித்துவிட்டு எழுதினார்: ‘நான்காம் பக்கம் மூன்றாவது வரியில் தவறு செய்தேன். தொண்ணூற்றெட்டுக் கட்டுரைகள் அதிலிருந்து பிறந்துள்ளன.’

நான்கே முக்காலுக்குத் துறைத்தலைவர் முன் நின்றார். தலைவர் புள்ளியியல்காரர், இயற்கணிதம் என்றாலே கொட்டாவி விடுவார்.

“ஏன் சார், இதை நீங்களா எழுதலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? உங்க கட்டுரையில ஒரு வரி புரியுமா எனக்கு?”

“புரியாது சார்.”

தலைவர் விதிப்புத்தகத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தார். “நூறு மேற்கோள். பாராட்டுன மேற்கோள்னு போடல. திட்டினா கழிக்கணும்னும் போடல.” கையெழுத்தைக் கிறுக்கினார். “பதினஞ்சு வருஷமா இந்தக் கட்டத்தைப் படிக்கிறேன். எனக்குப் புரிஞ்சது இது ஒண்ணுதான். போங்க பேராசிரியரே!”

படிக்கட்டில் இறங்கும்போதே மனைவிக்குச் சொன்னார்.

“தப்பு பண்ணதுக்கா பதவி உயர்வு?” என்றாள் அவள். “அப்போ உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு என்னை மந்திரியாவே ஆக்கணுமே!”

சிரிப்பு அடங்க மூன்று படிகள் தேவைப்பட்டன. நான்காவதில் உட்கார்ந்து, தன் தேற்றத்தை முதலில் உடைத்த கட்டுரையை விரித்தார். எவனோ, எவளோ, அவர் எழுதியதை வரி வரியாக, ஒரு குறியீடு விடாமல் படித்திருந்தார்கள். அவ்வளவு அக்கறையாக அவரை இதுவரை யாரும் படித்ததில்லை.