தேன்கூட்டைத் தட்டி எடுத்த கதை

1

உலகில் இதுவரை எழுதப்பட்ட கதைகளிலேயே மிக நேர்மையான கதை இதுதான். மிகுந்த பொறுப்போடு சொல்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இங்கே கிடையாது. அடித்ததும் திருத்தியதும்கூட அப்படியே இருக்கும்.

கதை பிறந்த இடம் அக்காவின் காரில் பின்சீட். கல்லூரி இதழுக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், மெல்லத் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். என் பெயரைக் காப்பாற்றவாவது எழுதியாக வேண்டும் என்று ஆயிற்று.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வானம் மஞ்சளாகச் சிவந்திருந்த அந்த மாலையில், அவள் வாழ்விலும் ஒரு மஞ்சள் விளக்கு" (மஞ்சள் எப்படிச் சிவக்கும்? விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: "பெண் என்பவள் ஒரு வாகனம்" (அக்கா படித்தால் நான் நடந்துதான் வீடு திரும்ப வேண்டும்.)

சரி, நேராகவே. அக்கா கார் ஓட்டக் கற்றுத் தருபவள். கார் அவளுடையது, மாணவர்களை அனுப்புவது டிரைவிங் ஸ்கூல் ஓனர். திங்கட்கிழமைக்குள் புகைச் சோதனையில் பாஸாகாத காருக்கு மாணவர்கள் இல்லை என்று ஓனர் சொல்லிவிட்டார். பாஸாகாவிட்டால் அக்காவின் ஆட்களெல்லாம் நெட்டை என்ற இன்னொரு ஆசிரியரிடம் போவார்கள். நெட்டை கத்துவார். அக்காவிடம் நர்சம்மா என்று ஒருவர் படிக்கிறார். யாராவது கத்தினால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். டெஸ்ட்டில் பலமுறை பெயிலானவர். அடுத்த டெஸ்ட் அடுத்த வாரம்.

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. மேட்டில் ஏறும்போது கார் பெருமூச்சு விடுகிறது.

3

மெக்கானிக்கின் பெயர் மூக்கு. முகர்ந்தே நோய் சொல்வார். இவரை அதிகம் பேசாத ஞானியாக எழுதப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.

"கேட்டலிடிக் கன்வர்ட்டர் போச்சு தங்கச்சி. போச்சுன்னா போச்சு."

(புகைக்குழாயின் நடுவில் இருக்கும் இரும்பு டப்பா அது. உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான். விஷப்புகையை வாங்கிக்கொண்டு கொஞ்சம் மரியாதையான புகையாக வெளியே விடும். அம்மாவோடு சண்டை என்றால் அப்பா அக்காவிடம் "அவளுக்கு அறிவிருக்கான்னு கேளு" என்பார்; அக்கா "அம்மா, அப்பாவுக்கு டீ வேணுமாம்" என்பாள். அதே வேலைதான். டப்பா கெட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும்; அன்று காரில் நாறியது நானில்லை.)

மூக்கு காருக்கு அடியில் படுத்து, ரப்பர் சுத்தியலால் டப்பாவைத் தட்டினார். கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது. "கேட்டீங்களா? தேன்கூடு உடைஞ்சு கொட்டிக் கெடக்கு. எந்த மடையன் மாத்தினான் இதை?"

"நீங்கதாண்ணே. போன வருசம்" என்றாள் அக்கா.

காருக்கு அடியில் சுத்தியல் இன்னும் இரண்டு தடவை தட்டியது.

"அப்ப இன்ஜின்லதான் கோளாறு" என்றபடி வெளியே வந்தார்.

நியாயமாகச் சொன்னால், அது உண்மையும்கூட. ஒரு பிளக் ஒழுங்காகப் பொறி தட்டவில்லை. எரியாத பெட்ரோல் குழாய் வழியாகப் போய் டப்பாவுக்குள் எரிந்து, தேன்கூட்டை உருக்கியிருக்கிறது. போன வருடம் செத்ததை மாற்றினோம்; கொன்றதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

"இந்தத் தடவை பிளக்கை முதல்ல மாத்திடுறேன். ஆனா டப்பா வர பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்" என்றார் மூக்கு.

"திங்கட்கிழமைண்ணே."

"டப்பாவுக்கு அது தெரியாதே தங்கச்சி."

4

இங்கே அத்தான் நுழைகிறார். நுழையாமல் இருக்கமாட்டார்.

"இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? கம்பிய விட்டு உள்ள இருக்கிறதைத் தட்டி எடுத்துட்டு, காலி டப்பாவையே வெல்டிங் வெச்சு ஒட்டிடலாம். சோதனைக்காரன் குனிஞ்சு பார்ப்பான், டப்பா இருக்கும். மிஷின் விஷயத்தை நான் பாத்துக்கறேன், அங்க நமக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான்."

"ஊரெல்லாம் விஷத்தைக் கக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?" என்றாள் அக்கா.

"ஊரு என்ன இப்ப பன்னீர்லயா குளிக்குது?"

எனக்கு மெய்சிலிர்த்தது. வெளியே முழுசு, உள்ளே காற்று! இப்படி எழுதுகிறவர்கள் எங்கள் இதழிலேயே உண்டு. முக்கியமான இடத்தில் வெறும் அடைப்புக்குறியை வைத்துவிட்டு "வாசகர் நிரப்பிக்கொள்ளட்டும்" என்பார்கள். அதற்குப் பெயர் உத்தி அல்ல; அத்தான் வேலை.

5

அக்காவுக்கு முன்னால் இருந்த வழிகள்:

(அ) அத்தானின் கம்பி.

(ஆ) ஓனரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, டப்பா வரும்வரை நர்சம்மாவின் மகனுடைய காரில் யாருக்கும் தெரியாமல் பாடம் எடுப்பது. காய்ச்சலுக்குச் சாட்சி வேண்டுமென்றால் பக்கத்து சீட்டிலேயே நர்சு.

(இ) ஓனரிடம் உண்மையைச் சொல்வது. (எழுதிப் பார்த்தேன். ஓனர் கண்கலங்கி அவகாசம் தந்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

முதல் இரண்டில் ஒன்று நடந்தது. நடந்தபடியே எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல பகுதி அதுதான். துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"இது எதுல வரப்போகுது?"

"எங்க காலேஜ் இதழ்லக்கா."

"எங்க ஓனர் பொண்ணு எந்தக் காலேஜ்?"

"எங்க காலேஜ்."

"அவ படிப்பாளா?"

"அவதான்க்கா எடிட்டர்."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். "எனக்கு இருக்கிறது அந்த ஒரு வேலைதான்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு மடிப்பை முடித்தாள்.

(அ)வோ (ஆ)வோ, எது நடந்திருந்தாலும் அவள் இதையேதான் சொல்லியிருப்பாள். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்தப் பகுதி இல்லைன்னா கதையே இல்லக்கா" என்றேன்.

"நம்பர் போட்டுத்தானே எழுதியிருக்க? நம்பர் இருந்தா போதாதா?"

6

(                                        )

7

மேற்சொன்ன காரணத்தால்தான் நர்சம்மா இந்தமுறை டெஸ்ட்டில் பாஸானார்.