‘ன்’ தீர்ந்துபோன நாவல்

பக்கத்து அறையில் அப்பா இப்போதுதான் தூங்கினார். அதனால் மெல்லத்தான் சொல்ல வேண்டும். விடிந்ததும் இந்த வீட்டில் என்ன நடக்குமோ தெரியவில்லை. யாரிடமாவது சொல்லிவிட்டால் கொஞ்சம் தூக்கம் வரும்.

அப்பா வெங்கிடராமன் கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் குமாஸ்தா. முதலாளி எதிரில் உட்காரக்கூட மாட்டார். வீட்டுக்கு வந்தால் யாருக்கும் வணங்காத ஒரு மனிதனைப் பற்றி நாவல் எழுதுவார். பெயர் ‘தன்னந்தனியன்’. கதாநாயகனே கதை சொல்கிறான். பெற்றவர் காலில் விழ மறுக்கிறான், கல்யாணம் வேண்டாம் என்கிறான், ஊரை ‘மந்தை’ என்று திட்டுகிறான். கடைசியில் ஒரு பாறைமேல் ஏறி, “நான் நானே” என்கிறான். நடுவில் பக்கம் பக்கமாக, ஒழுக்கம் என்றால் என்ன என்று யோசிக்கிறான். அப்போதெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துவிடுகிறது. யார் சமைத்தார்கள் என்று நாவலில் இல்லை.

அம்மா ஒருநாள் கேட்டாள். “ஏன்னா, அந்த ஒத்தைப் பிராமணனுக்கு வேஷ்டி தோய்ச்சுப் போடறது ஆரு?”

“லோகா, இது தத்துவம்.”

“தத்துவம்னா அழுக்காகாதோ?”

மதராஸ் பதிப்பகங்கள் எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டன. மந்தைக்குப் புரியாது என்று அப்பா தாமே அச்சிட முடிவு செய்தார். யாருடைய தயவும் வேண்டாத மனிதனின் கதைக்கு, வீடு வீடாகப் போய் முன்பணம் கேட்டார். நான் பின்னால் குடையோடு போனேன். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களைக்கூட அவர் விடவில்லை.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருந்தது மலையாள அச்சகம். இங்கே குடியேறிய தமிழர்களின் கல்யாணப் பத்திரிகைக்காக ஒரே ஒரு பெட்டி தமிழ் ஈய எழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். எழுத்துக் கோக்கும் ராசப்பன், அப்பா ஆபீஸ் போன நேரத்தில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“மோளே, ‘ன்’ தீந்து போயி. ஒரு பக்கம் கோக்கறதுக்குள்ள பெட்டியில அதோட அறை காலி. உங்க அச்சன் எதுக்கா இத்தற ‘நான்’ எழுதி வச்சிருக்கார்?”

“கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் எப்படிப் போதறது?”

“கல்யாணத்தில ஆராவது ‘நான்’னு பறயுமோ? அதில எல்லாம் ‘ம்’தான். சுபமும், லாபமும், வரணும், ஆசீர்வதிக்கணும். ‘ம்’ எத்தற வேணும்? வாரிக்கோ!”

புது எழுத்து மதராஸிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். வெளியீட்டு விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ராசப்பன் காதில் சொருகியிருந்த பீடியை எடுத்தார்.

“‘நான்’ மாத்தி ‘நாம்’ வைக்கட்டே? நம்ம மகாராஜா தன்னைத்தான் சொல்லும்போ ‘நாம்’னல்லே பறயும்? உங்க ஆளு ராஜாவைவிடப் பெரிய ஆளல்லே!”

வீட்டில் அப்பா கண்ணாடி முன்னால் விழாப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். “அப்பா, அச்சாபீஸ்ல ஒரு எழுத்து...”

“எழுத்துக்கெல்லாம் என்னைக் கேக்கப்படாது கங்கே. ராசப்பன் சொந்த புத்தியை உபயோகிக்கட்டும். என் நாவலே அதுக்குத்தானேடீ!”

அதை அப்படியே போய்ச் சொன்னேன். ராசப்பன் உபயோகித்தார்.

விழா அன்று காலையில்தான் புத்தகங்கள் வந்தன. அப்பா அட்டையில் தம் பெயரைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தார், திறக்கவில்லை. மனப்பாடமான புத்தகத்தை எதற்குத் திறப்பது? நான் திறந்தேன். “ஆற்றங்கரையில் நாம் தன்னந்தனியாகக் குளித்தோம்” என்று இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். சுபகாரியத்தின்போது வாயைத் திறக்காதே என்றார் அப்பா.

விழா நடந்த வாசகசாலை நிறைந்துவிட்டது. முன்பணம் கொடுத்தவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பிரதி. அப்பா கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, “நா...” என்று ஆரம்பித்து நின்றார். காது மடல் சிவந்தது. கூட்டம் விரலை வரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “நாம் நாமே” என்று படித்தார்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது.

மூட்டை தூக்கும் சங்கிலிப்பாண்டி எழுந்தார். “சாமி, கிடங்குல வாயே தொறக்க மாட்டீகளே! நம்ம மூட்டைக்காரங்க சங்கத்துக்காக உள்ளுக்குள்ள இம்புட்டையும் வச்சிருந்தீகளா?”

“சங்கமாவது மண்ணாவது! நம்ம சமூகத்தோட ஒத்துமையைன்னா எழுதியிருக்கார்,” என்று எங்கள் சமூகத் தலைவர் அனந்தநாராயணன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பாவின் ‘நாம்’ யாரைச் சேர்ந்தது என்று இருவரும் கத்தினார்கள். கடைசியில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு மாலை கொண்டுவந்தன. இப்போது அச்சுப் பிழை என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். பொய்க்கு விழும் மாலை சுருக்குக் கயிறு என்று கதாநாயகன் ஓரிடத்தில் சொல்கிறான். அப்பா கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தார், இரண்டு முறை.

“நானிலிருந்து நாமுக்கு வரதுக்கு எனக்குப் பத்து வருஷம் ஆச்சு,” என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

கையெழுத்துப் பிரதியை வாசகசாலைக் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும், காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார் மாமா. வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தக் காகிதக் கட்டை என் முன்னால் வைத்தார், பிளேடும் மைப்புட்டியுமாக.

“‘நான்’ எல்லாம் ‘நாம்’ ஆக்கிடு. ‘வந்தேன்’னு இருந்தா ‘வந்தோம்’. உன் கையெழுத்தும் என்னுதும் ஒண்ணுபோலத்தானே.”

“பொய்யில்லையோப்பா?”

“பொய்யில்லை. திருத்திய பதிப்பு.”

அம்மா சிரித்துவிட்டாள். “எழுதினது நீங்க, காசு குடுத்தது ஊரு, மாத்தினது ராசப்பன், கண் முழிக்கறது கொழந்தை. ‘நாம்’தான் சரி, போங்கோ!”

சுரண்டிச் சுரண்டி எழுதினேன். சுருக்குக் கயிற்றைப் பற்றிய பக்கத்தையும் திருத்தினேன். கடைசிப் பக்கம் வந்தது. “நான் நானே.” அசட்டு வரிதான். ஆனால் அதை எழுதிய அன்று அப்பா என்னை எழுப்பிப் படித்துக் காட்டினார், கண்ணெல்லாம் தண்ணீர். அன்றைக்கு அவர் யாருக்கும் பயப்படாதவர் போல் இருந்தார். பிளேடைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா வாசற்படியில் நின்றார். “ஆச்சா?”

“ஆச்சுப்பா.”

“கடைசிப் பக்கம்?”

“அதுவும்.”

நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டார். அனந்தநாராயணன் மாமா எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவார்.