கம்ப்யூட்டர் பார்க்கப் போனது

எங்கள் கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டுமென்றால், முதலில் அதன் வீட்டாரைப் போய்ப் பார்த்துச் சம்மதம் வாங்க வேண்டும். நானும் பல வீடு ஏறி இறங்கிவிட்டேன். பஜ்ஜி நன்றாகவே இருக்கும். பிறகு பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்பார்கள். பிளஸ் டூ என்போம். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்பார்கள்.

புரோகிராம் எழுத நான் செல்போனில் வீடியோ பார்த்துப் பழகினவன். அதை வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல் என்பது அம்மாவின் கட்சி. இந்த இடமும் தட்டிப்போனால் அக்கா வீட்டுக்காரரின் மாவு மில்லில் சாக்குப் பிடிக்க வேண்டியதுதான். அவர் எனக்குக் காக்கி டவுசர்கூடத் தைத்து வைத்துவிட்டார்.

தரகர் ஜெயசீலன் எங்களைப் பீளமேட்டில் ஒரு ஆபீசுக்குக் கூட்டிப்போனார். கம்ப்யூட்டர் புதுசு. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது, உள்ளே ஃபேன் மட்டும் மெதுவாக ஓடியது. அதன் அப்பா சர்வர், பெரிய உடம்பு, பேச்சு குறைவு.

"பையன் என்ன படிச்சிருக்காருங்க?" என்றார்.

"பையனுக்குச் சூது வாது தெரியாதுங்க" என்றாள் அம்மா. கழுதை வயசாகியும் எனக்காக அம்மாதான் பதில் சொல்கிறாள்.

"பாட்டெல்லாம் வேண்டாம். ஒரு சின்னப் புரோகிராம் எழுதச் சொல்லுங்க."

உட்கார்ந்து எழுதினேன். வீடியோவில் பார்த்ததை ஒன்றுவிடாமல் அப்படியே எழுதுவது என் வழக்கம். சொல்லிக்கொடுத்த ஆள் பாதியில் ஒரு தரம் இருமுவார், அதையும் எழுதினேன். புரோகிராம் ஓடியது, பாதியில் நின்று இருமியது, மறுபடி ஓடி விடையைச் சொன்னது. அம்மா அதற்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மானம் கப்பலேறிவிட்டதென்று நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"உக்காருங்க மாப்ளே" என்றார் சர்வர். "எங்க இன்ஜினியருங்க எழுதறதெல்லாம் இதே இடத்துலதான் இருமுது. நம்ம ஆளாவே இருக்கீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்ஜினியர் என்று யாராவது சொன்னாலே எழுந்து நின்று வழிவிட்ட மடையன் நான்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். அவர்களுக்கு ஒற்றைப் பிள்ளை, பிரிந்திருக்க முடியாதாம். நான் வீட்டோடு மாப்பிள்ளையாக சர்வர் ரூமிலேயே இருந்துவிட வேண்டும். அங்கே ஏசியை நிறுத்துவதில்லை. அம்மா எனக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டு, ஆடி பிறந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வருவதாகச் சொல்லி, பஸ் ஏறினாள்.