பேட்டரி நன்றாக இருக்கிறது

ஒழுங்காக வேலை செய்கிறவன் வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வருக்கு அது தெரியாது. அதில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்; ஒன்று போனால் மற்றது காப்பாற்றும். இரண்டையும் மேய்ப்பது ஒரு கன்ட்ரோலர், அதற்குச் சொந்தமாக ஒரு பேட்டரி; அதை இயக்க ஒரு டிரைவர் புரோகிராம். அந்தப் புரோகிராமைப் புதுப்பித்த நாளிலிருந்து, நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் வினாடிக்கு நூறு தடவை ஒரே வரியை எழுதியது: ‘பேட்டரி நன்றாக இருக்கிறது.’ யார் கேட்டார்கள்?

அது குரல் பதிவுப் பிரிவின் சர்வர்; பராமரிப்பது நான். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுக்க வேண்டியவர்கள், ஆபரேஷனுக்கு முன் அங்கே உட்கார்ந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள் பேசுவார்கள். மாதக் கடைசியில் அதைக் கருவியில் ஏற்றினால், பிறகு அவர்கள் எழுதிக் காட்டுவதை அது அவர்கள் குரலிலேயே பேசும். அந்த மாதம் வந்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி. நான்கு வயது மகளைக் கூப்பிடவும் கொஞ்சவும் மிரட்டவும் தனியாக நாற்பது வாக்கியங்கள் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

மூன்றாம் தேதி, நூற்று இருபதாவது வாக்கியத்தில் பதிவு நின்றது. லாக் பெருத்து டிஸ்க்கில் இருந்த இடத்தை அடைத்துவிட்டது.

“என்னடா, உன் மெஷின் என்னைப் பேச விடாதா?” என்றாள் அக்கா.

“ரெண்டு நிமிஷம் இரு அக்கா.”

“என் குரலுக்கே ரெண்டு வாரம்தான் இருக்கு. சீக்கிரம் பாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கீபோர்டை இழுத்துக்கொண்டேன்.

லாகில் ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு எண் உண்டு; அந்த ஒரு வரியின் எண்ணைக் கண்டுபிடித்து அதை மட்டும் வடிகட்டியிருக்க வேண்டும். எண்ணுக்குக் கையேட்டைப் புரட்ட வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? வடிகட்டியில் டிரைவரின் பெயரையே போட்டு, அதிலிருந்து எது வந்தாலும் தூக்கி எறி என்று எழுதிவிட்டேன். அப்புறம் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்துபோனேன்.

லாக் கப்சிப்பென்று அடங்கியது. “பரவாயில்லையே, உனக்கும் கொஞ்சம் வேலை தெரியுது” என்று சொல்லிவிட்டு அக்கா தொடர்ந்தாள்.

ஒன்பதாம் தேதி முதல் டிஸ்க் செத்தது. டிரைவர் அன்றைக்கு முழுக்கக் கத்தியிருக்கிறது. என் வடிகட்டி அத்தனையையும் குப்பையில் போட்டிருக்கிறது. பத்தொன்பதாம் தேதி அக்காவுக்கு ஆபரேஷன். இருபத்துநாலாம் தேதி இரண்டாவது டிஸ்க்கும் போனது. வெளியே பிரதி எடுப்பது மாதக் கடைசியில்தான். டிஸ்க் மீட்பவர் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். வீட்டு வீடியோக்களில் அக்கா பேசுவது ஆட்களுக்கு நடுவே, டிவி சத்தத்துக்கு நடுவே. கருவிக்கு அது உதவாது.

வார்டில் அவள் கழுத்துக் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னேன். என் சோம்பேறித்தனம்தான், வேறு யார் மேலும் தப்பில்லை என்றேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னை ஓங்கி அறைந்திருந்தால் தேவலாம்.

பிறகு பலகையை எடுத்து எழுதினாள்: ‘மத்தவங்களோடது?’

“எல்லாம் போச்சுக்கா. பதினோரு பேர். ஒருத்தருக்கு மட்டும் இன்னும் ஆபரேஷன் ஆகல. பஸ் கண்டக்டர். நாளை மறுநாள்.”

‘இப்பவே போன் பண்ணு.’

அங்கேயே நின்று கூப்பிட்டேன். பதிவு அழிந்துவிட்டது, நாளைக் காலை மறுபடி வர வேண்டும் என்றேன்.

“மறுபடியுமா? ஆயிரத்து அறுநூறு வாக்கியம் சார். பேசிப் பேசி நாக்கு வெந்துபோச்சு. உங்க இஷ்டத்துக்கு ஆட நான் என்ன பொம்மையா? ஒரு வேலையை உருப்படியா செய்யத் தெரியாதா உங்களுக்கு?”

அக்கா கையை நீட்டி ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள். போட்டேன். பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்டுப் பழகிய குரல், வார்டு முழுக்கக் கேட்டது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் உதடுகள் அவரோடு சேர்ந்து அசைந்தன. கண்ணீர் கட்டுவரை வழிந்தது.

“லைன்ல இருக்கீங்களா?” என்றார் அவர்.

“இருக்கேன் சார். இன்னும் சொல்லுங்க” என்றேன்.