நாற்பது நிமிட பில்டு

எங்கள் மென்பொருளையும் அது ஓடத் தேவையான சகலத்தையும் ஒரே கன்டெய்னர் இமேஜாகக் கட்டும் பில்டு, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என் தலையில் விழும் வேலை. கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு நாற்பது நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அந்த எரிச்சலில்தான் அப்பாவுக்கு போன் போடுவேன். கப்பலூரில் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் இருப்பார். பில்டு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது; நாற்பது நிமிடம் ஓடும் என்று மட்டும் தெரியும்.

இந்த வாரம் பொறுமை போய், எல்லாம் மதியமே தானாக நடக்கும்படி எழுதிவிட்டேன். "இனி உனக்கு வெட்டி நேரமே கிடையாதும்மா" என்று பக்கத்து சீட் மெர்வின் அண்ணன் சிரித்தார். நாலு மணி போனதே தெரியவில்லை.

நாலரைக்கு அப்பாவே கூப்பிட்டார்.

"ஏத்தா செல்வி, இன்னைக்கு பில்டு இல்லையா? ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு உக்காந்திருக்கேன்."

பில்டு எப்போதோ முடிந்து, திரையில் பச்சை டிக் விழுந்திருந்தது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

"இப்பத்தாம்ப்பா ஆரம்பிச்சிருக்கு. நாப்பது நிமிசம் ஆகும், சொல்லுங்க."