தின்னாத ஜிலேபி

ஆவடி குவார்ட்டர்ஸில் மற்ற பெண்கள் வேறு காரணத்துக்காகப் புருஷனை வாயை ஊதச் சொல்வார்கள். சரசா ஜிலேபி வாசனைக்காக ஊதச் சொன்னாள்.

இரண்டு மாதமாக ராஜசேகரனுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள், எடுபடவில்லை. சரசா சோற்றை நிறுத்தினாள், சட்டைப் பையை முகர்ந்து பார்த்தாள், கேன்டீன் அழகேசனிடம் விசாரித்தாள். சார் இனிப்பையே தொடுவதில்லை என்றார் அழகேசன். இவரும் கூட்டுக்களவாணி என்று முடிவு கட்டினாள்.

"சாமி சத்தியமா நான் ஒண்ணும் துன்னல சரசா."

"அப்போ சக்கரை இன்னா, காத்துலயா வந்துச்சி?"

மனுஷன் டிபி வந்து தேறிக்கொண்டிருந்தார். அது வெளியே யாருக்கும் தெரியாது. மகள் தீபிகாவுக்கு வரன் பார்க்கிற நேரம். ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் சொன்னால் சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவிவிடும் என்று சரசாதான் அவரைக் கரையான்சாவடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?" என்று அந்த டாக்டர் கேட்டபோது, முந்திக்கொண்டு இல்லை என்றவளும் அவள்தான். சர்க்கரை மாத்திரை என்று சொன்னால், எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்பார், பேச்சு வளரும் என்று பயம்.

சர்க்கரை இறங்கவே இல்லை என்று ஒரு நாள் ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் சிறுநீரையும் பரிசோதித்தார்கள். பாட்டிலில் இருந்தது ஆரஞ்சு நிறம். டாக்டர் எழிலரசி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"டிபி மாத்திரை சாப்பிடறீங்களா? அதுலதான் இந்த நிறம் வரும்."

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"அது ஈரலை முடுக்கிவிட்டுடும். நான் குடுக்கிற சர்க்கரை மாத்திரை வேலை செய்யறதுக்குள்ள, ஈரல் அதைக் கரைச்சு வெளிய தள்ளிடும். அப்புறம் சர்க்கரை எப்படி இறங்கும்? டிபி மாத்திரைய நிறுத்தவே கூடாது, நான்தான் என்னுதை மாத்தணும். எங்கிட்ட ஏன் மறைச்சீங்க? யார் யோசனை இது?"

பட்டினி போட்டது, சத்தியம் செய்தவரைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் சரசாவுக்கு நினைவுக்கு வந்தது. அவர் சொல்லட்டும், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தாள்.

"என் யோசனைதாங்க," என்றார் ராஜசேகரன். "வெக்கமா இருந்திச்சி. ஊட்ல மறைக்க வேணாம்னுதான் சொன்னாங்க."

டாக்டர் திட்டத் தொடங்கினார். ராஜசேகரன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டு வாங்கிப் பழகிய தலை.

உண்மை சொன்ன மனுஷனை ஒரு தடவைகூட நம்பாதவள் அவள். இப்போது அவர் சொன்ன பொய்யை டாக்டர் சட்டென்று நம்பிவிட்டார். சரசா டாக்டரின் பேச்சில் குறுக்கிட்டாள்.

"பொய் சொல்றாரு டாக்டர்," என்றாள். "மறைக்கச் சொன்னது நான்தான்."