கொண்டை தெரியும் படம்

புதிய ரப்பர் முத்திரை வந்த மறுநாள் காலை, ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரிப் படங்களில் இருந்த நாற்பத்தொரு மணமக்களும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். முந்தின நாள் மாலை வரை ஒழுங்காகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். ஸ்டுடியோக்காரர் முதலில் கடை கூட்ட வந்தவளைத் திட்டினார், பிறகு ஈரக்காற்றைத் திட்டினார், கடைசியில் பேப்பர் சப்ளை செய்தவனுக்குப் போன் போட்டுக் கத்தினார். அவர் மனைவி மட்டும் ஒரு படத்தை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அதுவரை அங்கே கடையின் பெயர் மட்டும்தான் இருக்கும். புது முத்திரையில் "படம் எடுத்தவர்" என்று போட்டுக் கணவரின் பெயர் இருந்தது. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பதினொரு வருஷமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது அவள். கல்யாண மண்டபங்களில் அவளைக் குடைக்காரி என்பார்கள். ஃப்ளாஷுக்கான வெள்ளைக் குடையைப் பிடிக்க வந்தவள் என்று நினைப்பு. கணவர் முன்னால் நின்று, "மாப்ள, தாடையக் கொஞ்சம் தூக்குங்க" என்று அதட்டுவார். குடையை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு அவள் பட்டனை அமுக்குவாள். அவர் அமுக்கினால் தலை வெட்டுப்பட்டுவிடும், அத்தனை கைராசி. வீட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். மாமியாரே அடுப்படியில், "நீ எடுத்ததுன்னு எனக்குத் தெரியாதா? அவன் எடுத்தா என் கழுத்துக்கு மேல ஒண்ணுமே இருக்காதே" என்று சொல்லிச் சிரிப்பார். அடுப்படியில் சொன்னதை அவர் கூடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படி ஒரு தடவை, பல்லிடுக்கில் கொண்டை ஊசியோடு கொண்டை போட்டுக்கொண்டே அவர் சிரித்தபோது மருமகள் எடுத்த படம்தான் பரிசுப் போட்டிக்குப் போனது. கணவர் பெயரில் போனது. போட்டி அரங்கில் மாட்டும்போது படத்தில் மாமியார் திரும்பிவிட்டிருந்தார். முதுகும் பாதி முடிந்த கொண்டையும்தான் தெரிந்தன. நடுவர்கள் அசந்துபோனார்கள். முதுமையின் மௌன மறுப்பு என்று ஒருவர் முழுப்பக்கம் எழுதினார். முதல் பரிசு. அதற்குப் பிறகு ஸ்டுடியோக்காரர் முதுகுகளின் மேதை ஆனார். முகம் தெரியாத குடும்பப் படம் வேண்டுமென்று வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்தாலும் குடை பிடிக்க வேண்டியிருந்தது.

தையல் கடைக்கு மேலே ஒரு சங்கம் இருந்தது. மாடி என்றுதான் சொல்வார்கள். படம் எடுக்கும் பெண்களுக்கும், ஆணென்றோ பெண்ணென்றோ தங்களைச் சொல்லிக்கொள்ளாதவர்களுக்கும் ஆனது. கேமரா இரவல் கொடுப்பார்கள், வருஷத்துக்கு ஒரு கண்காட்சி வைப்பார்கள். நடத்தியவரிடம் அண்ணனா அக்காவா என்று கேட்டால், "லென்ஸுன்னு கூப்பிடுங்க, போதும்" என்பார். அவள் மாமியார் படத்தின் பிரதி ஒன்றைப் பையில் மறைத்துக்கொண்டு அங்கே போனாள்.

"யாரு எடுத்தது?" என்றார் லென்ஸ்.

அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. "நான்தான்" என்று சொல்லிப் படத்தை மேஜைமேல் வைத்தாள். லென்ஸ் பின்பக்கத்தில் இருந்த முத்திரையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, படத்தின் கீழே அவள் பெயரை எழுதினார். மை காய்வதற்குள் படத்தில் மாமியார் திரும்பி, ஊசியைக் கடித்தபடி சிரித்தார். "இங்க வர்ற படம் முக்காவாசி இப்படித்தான் திரும்புது" என்று சொல்லிவிட்டு லென்ஸ் ஆணி தேடப் போனார்.

கண்காட்சிக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேதையின் படத்தில் உள்ள ஆழம் இல்லை, காப்பி அடித்திருக்கிறாள் என்றார்கள். மாடிக்கு ஆதரவு தருவதாகச் சொன்ன பிஸ்கட் கம்பெனி, அடுத்த கண்காட்சியை மேதைதான் திறந்துவைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. லென்ஸ் மாட்டேன் என்றார். கம்பெனி போய்விட்டது. நாற்காலிகளை விற்று வாடகை கொடுத்தார்கள். படத்தை நின்றுகொண்டுதானே பார்க்கப் போகிறார்கள். அவள் ஸ்டுடியோவின் வெள்ளைக் குடையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளால் கொடுக்க முடிந்தது அதுதான். ஞாயிறு தவறாமல் போய்ப் படங்களைத் துடைத்து, யார் எடுத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதி வைத்தாள். பதிமூன்று வருஷம் அப்படிப் போயிற்று.

மாமியார் இறந்த அன்று கூடத்தில் மாட்டப் படம் தேடினார்கள். இருந்த எல்லாவற்றிலும் முதுகு. மகனே எடுத்தவையும் சில கிடைத்தன, அவற்றில் தலை இல்லை. வெளியூரிலிருந்து வந்த நாத்தனார், "அண்ணா, அம்மா மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்ண்ணா" என்று அழுதாள். மேதைக்கு வழி தெரியும். மாடியில், கீழே மனைவியின் பெயரோடு சிரிக்கும் படத்தை அவரும் ஒருமுறை திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்திருந்தார். மனைவி பரிசு வாங்கிய படத்தையும் ஒரு பேனாவையும் அவரிடம் கொடுத்தாள். அவளுடைய பெயர் நான்கே எழுத்து.

அவர் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். தங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், துக்கத்துக்கு வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு படத்தின் கீழே, அம்மா இறந்த தேதியை அழகான கையெழுத்தில் எழுதினார்.

படம் அப்படியே மாட்டப்பட்டது. வந்தவர்கள் கொண்டையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்கள். அவள் வாரம் ஒருமுறை அதில் தூசி தட்டினாள். முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தால் மாடிக்குப் போனாள். அந்த வீட்டில் பின்னால் பிறந்த பிள்ளைகள், பள்ளியில் கொள்ளுப்பாட்டியை வரையச் சொன்னபோது கொண்டையை வரைந்தார்கள். டீச்சர் பத்துக்குப் பத்து போட்டார்.